தமிழ் டைப்ரைட்டர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேல் ஒரு சின்ன ஊர் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தேன். புதிதாகச் சேர வரும் பிள்ளைகள், கூட வரும் பெற்றோர், பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். தமிழ் மெஷின் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளம். எனக்குப் பிடித்த பகுதி அது.

சார், டைப்ரைட்டரை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னும் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். எழுதும் இயந்திரம் செய்யப் பல நாட்டில் பலர் முயன்றார்கள். கடையில் விற்று, ஆபீஸ் மேஜைக்கு வந்து நிலைத்த மெஷின் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. 1868-ல் காப்புரிமை. துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி 1874-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 125 டாலர்.

அந்த மெஷினில் பெரிய எழுத்து மட்டும்தான். ஷிஃப்ட் கீ 1878-ல் வந்த இரண்டாவது மாடலில்தான் சேர்ந்தது. எழுத்துக் கம்பி கீழேயிருந்து எழும்பி ரோலரின் அடியில் அடிக்கும், அதனால் அடிப்பவருக்கு எழுத்து உடனே தெரியாது. சில வரி நகர்ந்த பிறகுதான் தப்பு கண்ணில் படும். கண்ணுக்கு முன்னால் எழுத்து விழும் அண்டர்வுட் மெஷின் 1890-களின் நடுவில் வந்தது. நம் வகுப்பில் இருக்கும் மெஷினெல்லாம் அந்த அண்டர்வுட்டின் வம்சம்.

இங்கிலீஷ் கீபோர்டில் எழுத்தெல்லாம் ஏன் ஏ, பி, சி வரிசையில் இல்லை? வேகத்தைக் குறைக்கத்தான் இப்படிக் கலைத்துப் போட்டார்களாமே?

இதைச் சொல்லாத வாத்தியார் கிடையாது. நானும் சில வருடம் சொன்னேன். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் அடுத்தடுத்து எழும்பினால் சிக்கிக்கொள்ளும், அதனால் சேர்ந்து வரும் எழுத்துகளைப் பிரித்து வைத்தார்கள் என்பது ஒரு விளக்கம். அதுகூடச் சிக்காமல் ஓடவைப்பதற்குத்தான். மெதுவாக அடிக்கவைப்பது நோக்கம் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை. சிக்கல் விளக்கத்திலும் ஓட்டை உண்டு: ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் 'ஈ', 'ஆர்' இரண்டும் கீபோர்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. தந்தி ஆபரேட்டர்களின் வசதிக்காக எழுத்துகள் இடம் மாறின என்று ஜப்பான் ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

1936-ல் டுவோராக் என்பவர் வேறு வரிசைக்குக் காப்புரிமை வாங்கினார். அது பரவவில்லை. காரணம் ரொம்ப சாதாரணம். பழகிய விரல் மாறாது. இந்த ஒரு விஷயம் கீழே தமிழ் கம்ப்யூட்டர் பற்றிய கேள்வியிலும் திரும்ப வரும்.

தமிழுக்கு 247 எழுத்து. இந்தச் சின்ன மெஷினில் எப்படி அடங்குகிறது?

247-ஐயும் மெஷினில் வைக்கவில்லை, அவற்றைக் கட்டும் துண்டுகளைத்தான் வைத்தார்கள். கா, கே, கை எழுத வேண்டுமானால் கால், இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு தனித்தனியாக இருந்தால் போதும். எல்லா மெய்யோடும் சேர்த்துக்கொள்ளலாம். கொ, கோ எழுத முன்னால் கொம்பு, பின்னால் கால். 'கௌ'வின் கடைசித் துண்டுக்கு ள. 'ஔ'வுக்கு ஒ அடித்துப் பக்கத்தில் ள அடித்தால் முடிந்தது.

தலைவலி எங்கே என்றால் உகரத்தில். கு, சு, டு, மு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம், பொதுவான துண்டு கிடையாது. அதற்கு ஷிஃப்ட்டைப் பயன்படுத்தினார்கள். க இருக்கும் கீயில் ஷிஃப்ட் போட்டால் கு, ட இருக்கும் கீயில் டு, ம-வில் மு, ர-வில் ரு. ஆங்கிலத்தில் சின்ன எழுத்து, பெரிய எழுத்துக்கு இருக்கும் இடத்தை நாம் அகரம், உகரத்துக்கு எடுத்துக்கொண்டோம். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். டி, டீ இரண்டும் ஒட்டிப் பிறந்தவை, துண்டாக்க வராது என்பதால் அவற்றுக்குத் தனி இடம்.

இன்னொரு விலையும் கொடுத்தோம். மெஷினில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஆங்கிலத்திலேயே 'எம்' நெரிசலாகவும் 'ஐ' காலியாகவும் தெரியும். தமிழில் ர-வும் ண-வும் ஒரே அளவு இடத்தில் நிற்க வேண்டும். பழைய அரசாங்கக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்: ர-வுக்கு இரு பக்கமும் காற்று வாங்கும், ண மூச்சு முட்டி நிற்கும்.

சரி, தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கியவர் யார்?

ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர், பிழைப்புக்காக மலாயா போனவர். அங்கே வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ் எழுத்துகளை மெஷினுக்குள் அடக்கும் வழியை யோசித்தார். அவர் வகுத்த அமைப்பில் ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமான் கம்பெனி மெஷின் செய்துகொடுத்தது. எரிகா, ஐடியல் மெஷின்களைச் செய்த டிரெஸ்டன் நகரத்துக் கம்பெனி அது.

யாழ்ப்பாணத்துக்காரர், மலாயாவில் இருந்துகொண்டு, ஜெர்மனியில் செய்யவைத்த மெஷின், தமிழ்நாட்டுத் தாலுகா ஆபீஸில் வந்து உட்கார்ந்தது. அவர் பெயரை என் மாணவர்களில் பத்துக்கு ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

புள்ளியை ஏன் முதலில் அடிக்கச் சொல்கிறீர்கள்? எழுதும்போது கடைசியில்தானே வைக்கிறோம்?

முத்தையாவின் வேலையில் மையமான விஷயமே இதுதான். சாதாரணமாக ஒரு கீயை அடித்தால் எழுத்து விழும், உடனே தாளைப் பிடித்திருக்கும் மேல் பகுதியான கேரேஜ் ஒரு இடம் நகரும். 'ம்' எழுத வேண்டுமானால் புள்ளியும் ம-வும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதற்காகப் புள்ளியையும், கி, கீ-யில் மேலே வளையும் இகர, ஈகார விசிறிகளையும் நகரா விசைகளாக வைத்தார். அடித்தால் மை விழும், கேரேஜ் அசையாது. அடுத்து அடிக்கும் ம அதே இடத்தில், புள்ளிக்கு அடியில் விழுந்து, பிறகு கேரேஜ் நகரும்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை முதல் வாரத்திலேயே எல்லோரும் பார்த்துவிடுவார்கள். 'அம்மா' அடிக்கும்போது ம அடித்துவிட்டுப் புள்ளி அடித்தால், கேரேஜ் ஏற்கெனவே நகர்ந்திருக்கும். புள்ளி அடுத்த இடத்தில் விழும், இரண்டாவது ம வந்து அதன் அடியில் உட்காரும். முதல் ம மொட்டையாக நிற்கும். அம்மாவைச் சரியாக அடிக்க ஒரு வாரம் ஆகும் என்று வகுப்பில் கேலி செய்வோம்.

ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்ற முதல் பாடத்தை இன்னும் எத்தனை நாளைக்கு அடிப்பது? கை வலிக்கிறது சார்.

விரல் தானாகப் போகும்வரை. தமிழ் மெஷினில் இடது கை விரல்கள் ய, ள, ன, க மேல் நிற்கும், வலது கை த, ம, ட, புள்ளி மேல். வலது சுண்டுவிரல்தான் புள்ளிக்கு. தமிழில் எத்தனை புள்ளி என்று ஒரு பத்தியில் எண்ணிப் பாருங்கள், அந்தச் சுண்டுவிரல் எவ்வளவு பாவம் என்று தெரியும். கை வலிக்கு முக்கியக் காரணம் மணிக்கட்டை மேஜையில் ஊன்றுவதும், கீயை அமுக்குவதும். அமுக்கக் கூடாது, தட்டிவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். அதனால்தான் இதற்குத் தட்டச்சு என்று பெயர்.

பார்க்காமல் அடிப்பது ஆரம்பத்தில் இருந்த பழக்கம் அல்ல. 1888-ல் சின்சினாட்டியில் நடந்த ஒரு போட்டியில் மெக்கரின் என்ற கோர்ட் ஸ்டெனோ கீபோர்டைப் பார்க்காமல் எல்லா விரல்களாலும் அடித்து ஜெயித்தார். அதற்கப்புறம்தான் இந்த முறைக்கு மவுசு வந்தது.

லோயர், ஹையர் என்றால் என்ன? எவ்வளவு வேகம் வேண்டும்?

லோயர் என்பது இளநிலை, ஹையர் என்பது முதுநிலை. பரீட்சை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்கு. ஆக, லோயரில் பத்து நிமிடத்தில் 1,500 தட்டு. வேகத் தாள் தவிர, கடிதம், அட்டவணை அமைக்கும் தாளும் உண்டு. பலர் அந்தத் தாளில்தான் சறுக்குவார்கள்.

பரீட்சைக்கு மெஷினை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வேனில் சாக்கு விரித்து, கேரேஜ் ஆடாமல் கயிறு கட்டி ஏற்றுவோம். ஒரு தடவை வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததில் ஒரு தமிழ் மெஷினின் புள்ளிக் கம்பி வளைந்துவிட்டது. அதில் பரீட்சை எழுத வேண்டிய பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பிச் சரிசெய்து கொடுத்தேன். புள்ளி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே விழுந்தது. பாஸ் ஆகிவிட்டாள்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

ரொமான்ஸ் எல்லாம் வேண்டாம், நேராகச் சொல்கிறேன். அரசு வேலைக்காகப் படியுங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பதவிக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். இரண்டு மொழியிலும் ஹையர், அல்லது ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயரும். தட்டச்சருக்குப் போட்டியிடுவோர் எண்ணிக்கை மற்ற பதவிகளைவிடக் குறைவு என்பதால், வெறும் டிகிரியோடு எழுதுபவரைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

அரசு வேலை நோக்கம் இல்லை, வேகமாக அடிக்கப் பழகினால் போதும் என்றால் மெஷினுக்கு வர வேண்டியதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பழகலாம். ஃபீஸ் போகிறதே என்று இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் டைப் தெரிந்தவருக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

ஜெராக்ஸ் இல்லாத ஆபீஸை நினைத்துப் பாருங்கள். ஒரு கடிதம் நாலு பேருக்குப் போக வேண்டுமானால் நாலு தாளுக்கு நடுவில் மூன்று கார்பன் வைத்து அடிக்க வேண்டும். ஒரு தப்பு வந்தால் நாலிலும் அழிக்க வேண்டும். இன்றைக்கு ஈமெயிலில் 'சிசி' போடுகிறோமே, அது இந்தக் கார்பன் காப்பியின் சுருக்கம்தான். நூறு பிரதி என்றால் ஸ்டென்சில். ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத் தாளில் வெறும் அச்சாக அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டுவார்கள். ஸ்டென்சிலில் 'ஓ' எழுத்தை ஓங்கி அடித்தால் வட்டம் அப்படியே கழன்று விழும். கை அளவு தெரிந்த ஆளுக்குத்தான் அந்த வேலை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்து, பம்பாய்க்கோ டெல்லிக்கோ ரயில் ஏறிய தமிழர்கள் ஏராளம். பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். டீச்சர், நர்ஸ் தவிர வீட்டில் சம்மதிக்கும் மூன்றாவது வேலையாக டைப்பிஸ்ட் வந்தது. பெண் பிள்ளை மாலையில் ஒரு மணி நேரம் தனியாக வெளியே போய்வர ஊர் ஒத்துக்கொண்ட இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கே ஆரம்பித்த கல்யாணங்கள் சிலவற்றுக்கு நானே போய் மொய் எழுதியிருக்கிறேன்.

இந்தியாவில் மெஷின் செய்தார்களா? இப்போது புதிதாகக் கிடைக்குமா?

செய்தார்கள். கோத்ரெஜ் 1955-ல் இந்தியாவிலேயே செய்த மெஷினை வெளியிட்டது. ரெமிங்டன், ஃபேசிட் மெஷின்களும் இன்ஸ்டிடியூட்டுகளில் நிறைய உண்டு. கோத்ரெஜ் 2009-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2011-ல் அந்தச் செய்தி உலகம் முழுக்கச் சுற்றி, 'கடைசி டைப்ரைட்டர் ஆலை மூடல்' என்று போட்டார்கள். உலகத்திலேயே கடைசி என்பது மிகை. இனி நம் ஊரில் பழையதை வாங்கித்தான் ஓட்ட வேண்டும்.

பெரிய எழுத்தாளர்கள் எல்லோரும் டைப்ரைட்டரில்தான் எழுதினார்களாமே?

மேற்கில் உண்மை. மார்க் ட்வைன் 1874-லேயே ஒன்று வாங்கிவிட்டார். அமெரிக்க நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி தன் ஆலிவெட்டி மெஷினிலேயே பல பத்தாண்டு எழுதினார். 2009-ல் அது 2,54,500 டாலருக்கு ஏலம் போனது.

தமிழில் கதை வேறு. நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் பேனாவில்தான் எழுதினார்கள். தமிழ் மெஷின் விலை அதிகம், ஆபீஸ் சொத்து. பத்திரிகையில் அச்சுக்கோப்பவர் கையெழுத்தைப் பார்த்தே கோத்துவிடுவார், டைப் செய்து கொடுக்கத் தேவையும் இல்லை. தமிழ் டைப்ரைட்டரில் பிறந்தவை மனுக்கள், பத்திரங்கள், இடமாறுதல் உத்தரவுகள், மெமோக்கள். கோர்ட் வாசலில் மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த ஜாப் டைப்பிஸ்ட், வருபவர் அழுதுகொண்டே சொல்வதை "மேற்படி மனுதாரராகிய நான்" என்று மாற்றி அடித்தாரே, அதையும் நான் எழுத்து என்றுதான் சொல்வேன்.

எழுத்துச் சீர்திருத்தம் டைப்ரைட்டருக்காகத்தான் செய்தார்களா?

அதற்காக மட்டும் இல்லை. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் மாற்றிய எழுத்துகளைப் பயன்படுத்த ஆரம்பித்தார். அச்சுக்கும் டைப்புக்கும் எளிது என்பது சீர்திருத்தக்காரர்களின் வாதங்களில் ஒன்று. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டதில் 13 எழுத்துகள் மாறின: ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகார வடிவங்கள், அப்புறம் ணை, லை, ளை, னை. யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருந்த பழைய ஐகாரம் போனது.

மூன்றாவது கேள்வியில் சொன்ன துண்டுக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், இந்த 13-ம் துண்டில் அடங்காமல் முரண்டு பிடித்தவை என்பது புரியும். அதைவிடப் பெரிய முரண்டு உகர வரிசை. அதைத் தொடவில்லை. ஷிஃப்ட் காப்பாற்றிவிட்டது.

மொட்டைக் கடுதாசியை டைப் அடித்துவிட்டால் யார் என்று கண்டுபிடிக்க முடியாதுதானே?

இதைக் கேட்டவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். முடியும். பாஸான பெண்ணின் சாய்ந்த புள்ளியை மேலே சொன்னேன் இல்லையா? அது போல ஒவ்வொரு மெஷினுக்கும் குறை உண்டு. ஒரு எழுத்து சற்று ஏறி விழும், ஒன்றின் வால் தேய்ந்திருக்கும், ஒன்று இடது பக்கம் வெளுத்து விழும். 1924-ல் சிகாகோவில் ஒரு சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கில், பணம் கேட்ட கடிதமும் குற்றவாளிகளில் ஒருவர் கல்லூரிக் குறிப்புகள் அடித்த அண்டர்வுட் மெஷினும் ஒன்று என்று காட்டினார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு சுற்று உண்டு. 1952-ல் உச்ச நீதிமன்றம், டைப்ரைட்டர் பற்றிய நிபுணர் கருத்து, நிபுணர் சாட்சியத்தை ஏற்கச் சொன்ன அன்றைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் வராது என்றது. 1996-ல் அதே நீதிமன்றம், அந்தப் பிரிவில் இருந்த 'அறிவியல்' என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்று மாற்றிச் சொன்னது. அதற்குள் நாட்டில் பாதி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது.

அப்பா கம்ப்யூட்டரிலும் டைப்ரைட்டர் முறையில்தான் தமிழ் அடிக்கிறார், நான் தமிழ்99. அவருடைய பழைய ஃபைலைத் திறந்தால் ஏதோ ஆங்கிலக் குப்பையாக வருகிறது. யார் செய்வது சரி?

இரண்டு பேரும் சரி. தமிழ்99 என்பது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த கீபோர்டு. க-வும் ஒ-வும் அடித்தால் 'கொ' வரும். அதாவது ஒலி வரிசை. டைப்ரைட்டர் முறை கண் வரிசை: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அப்பாவின் விரல் அதற்குப் பழகிவிட்டது. இரண்டாவது கேள்வியில் சொன்ன டுவோராக் கதைதான்.

ஃபைல் குப்பையாக வருவதற்குக் காரணம் அவர் அடித்த முறை அல்ல, பயன்படுத்திய எழுத்துரு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி போட்டவை. கம்ப்யூட்டர் சேமித்தது ஆங்கிலத்தை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, மாற்றிவிடலாம். மாற்றிய பின் கொம்பு வரும் இடங்களை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆனால் அப்பாவைத் தமிழ்99-க்கு மாறச் சொல்லாதீர்கள். யூனிகோடிலேயே டைப்ரைட்டர் முறையில் அடிக்க வழி உண்டு, அதைப் போட்டுக்கொடுங்கள்.

பரணிலிருந்து தாத்தாவின் மெஷினை எடுத்தோம். கீ அடித்தால் எழுத்து விழுகிறது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். முதலில், அடித்துப் பார்த்தது புள்ளியா விசிறியா என்று கவனியுங்கள். அவை நகராமல் இருப்பதுதான் சரி. ஒருவர் உண்மையிலேயே அந்தப் புகாரோடு வந்தார். மற்ற கீயிலும் நகரவில்லை என்றால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கேரேஜை இழுக்கும் ஒரு மெல்லிய பட்டை ஒரு ஸ்பிரிங் டப்பாவில் சுற்றியிருக்கும். பெரும்பாலும் அது அறுந்திருக்கும். கெட்டியான தூண்டில் நரம்பை அந்த நீளத்துக்கு வெட்டிக் கட்டினாலே ஓடும்.

கம்பிகள் ஒட்டிக்கொண்டு மெதுவாக விழுந்தால் ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் போதும். எண்ணெய் விடாதீர்கள், முக்கியமாகத் தேங்காய் எண்ணெய். விட்ட அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், ஒரு மாதத்தில் தூசியோடு சேர்ந்து கோந்தாகிவிடும். என்னிடம் வந்த பழுதுகளில் பாதி அந்த எண்ணெயால்தான்.